தில்லியில் ஸ்டார் வார்ஸ்: காத்திருந்தவர்களும் கொதிப்பவர்களும்

2015 டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை. 2005க்குப் பிறகு நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படமான ‘த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ அமெரிக்காவில் வெளியான நாள். தில்லியில் அது வெளியாகவில்லை. அன்று இங்கே ஷாருக் கானின் ‘தில்வாலே’யும் சஞ்சய் லீலா பன்சாலியின் ‘பாஜிராவ் மஸ்தானி’யும் ஒரே நாளில் களமிறங்கியிருந்தன. இரண்டு பெரிய இந்திப் படங்களுக்கு நடுவே அகப்பட வேண்டாம் என்று இந்திய வெளியீட்டை டிசம்பர் 25க்குத் தள்ளிவைத்திருந்தார்கள்.

தள்ளிப்போனது ஒரே ஒரு வாரம். ஆனால் அந்த ஒரு வாரம் தில்லி ரசிகர்களுக்குப் பெரும் வேதனையாக இருந்தது. கைப்பேசியைத் திறந்தால் எவராவது கதையை உடைத்துவிடுவார்களோ என்று அஞ்சினார்கள். வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகி நின்றார்கள். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஃபோன் செய்தால் முதல் வார்த்தையாக, “படத்தைப் பற்றி மட்டும் பேசாதே” என்றார்கள். அப்படியும் பலருக்குத் தப்ப முடியவில்லை. 1977லிருந்து கூடவே வந்த ஹான் சோலோவின் முடிவு, படம் தில்லிக்கு வருவதற்கு முன்பே தில்லிக்கு வந்துவிட்டது. ‘இந்தி ரசிகனுக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியா?’ என்ற கோபம் நியாயமானதுதான்.

இந்தக் கோபத்தை 1977இன் தில்லிக்காரருக்கு விளங்கவைப்பது கடினம். அவருக்கு ஒரு வாரம் என்பது தாமதமே அல்ல.

முதல் படம் 1977 மே 25 அன்று அமெரிக்காவில் வெறும் 32 திரையரங்குகளில் தொடங்கியது. தில்லியில் அப்போது நெருக்கடி நிலை முடிந்து, மொரார்ஜி தேசாய் பிரதமராகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அரசியல் பேச்சு. வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அரசின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த காலம் அது. ஹாலிவுட் படம் ஒன்று அங்கே ஓடி முடிந்து, புகழ் பழசாகி, பிரதிகள் தேய்ந்த பிறகு இங்கே வருவதுதான் வழக்கம். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. வந்தால் போதும் என்றிருந்தார்கள்.

படத்துக்கு முன்பே படத்தைப் பற்றிய செய்தி வந்துவிடும். கஸ்தூர்பா காந்தி மார்க்கில் இருக்கும் அமெரிக்க நூலகத்துக்குப் போய் ‘டைம்’ வார இதழைப் புரட்டுவது கல்லூரி மாணவர்களின் வாடிக்கை. அந்த இதழ் 1977 மே இறுதியிலேயே, அதை ஆண்டின் சிறந்த படம் என்று அட்டையில் போட்டுவிட்டது. மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளாக ஆர்.கே. புரத்திலும் சரோஜினி நகரிலும் வளர்ந்த தமிழ்ப் பையன்களுக்கும் அந்த நூலகம் ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் நடைபாதைக்குப் போனால் பழைய புத்தகக் குவியலுக்குள் ஆங்கில நாவல்களும் காமிக்ஸ்களும் கிடைத்தன. ‘ஸ்டார் வார்ஸ்’ நாவல் படத்துக்கு ஆறு மாதம் முன்பே, 1976 நவம்பரில், இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயரில் வெளியாகியிருந்தது. எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். ஆக, படம் பார்க்கப் போகிறவர் முழுக் கதையையும் தெரிந்துகொண்டே போக வாய்ப்பு இருந்தது. யாருக்கும் அது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. கதை தெரிந்திருந்ததால்தான் திரையில் பார்க்கும் ஆசை கூடியது. இராமாயணம் தெரிந்தவர்கள்தானே விடிய விடிய உட்கார்ந்து கூத்துப் பார்த்தார்கள்?

தில்லியில் ஆங்கிலப் படம் என்றால் சாணக்யா. சாணக்யபுரியில் 1970இல் திறக்கப்பட்ட அரங்கு அது. கட்டடக் கலைஞர் பி.என். மாத்தூர் வடிவமைத்தது. பூச்சு இல்லாத கான்கிரீட், சாய்ந்த கூரை, உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், பிரம்மாண்டமான திரை. பக்கத்திலேயே நிருலாஸ் உணவகம். படம், பிறகு ஐஸ்கிரீம், பிறகு டிடிசி பேருந்து. தூதரக அதிகாரியின் மகளும், பல்கலைக்கழக விடுதி மாணவரும், அமைச்சகத்தில் வேலைபார்க்கும் குமாஸ்தாவின் பையனும் ஒரே கூரையின் கீழ் உட்காரக்கூடிய அரிய இடம் அது. அவரவர் வசதிக்கேற்ப இருக்கைப் பிரிவு இருந்தது உண்மை. ஆனாலும் விளக்கு அணைந்த பிறகு சிரிப்பும் கைதட்டலும் எல்லோருக்கும் பொது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை அடக்குவதைக் கேட்டிருக்கிறவர்களுக்குத் தெரியும், அது எத்தகைய சத்தம் என்று.

அன்றைய ரசிகரின் எதிர்வினை எங்கே பதிவானது என்று கேட்டால், எங்கும் பதிவாகவில்லை என்பதுதான் பதில். அரங்குக்குள் அடித்த விசில், பேருந்து நிறுத்தத்தில் நடந்த வாதம், மறுநாள் பள்ளி மைதானத்தில் மரக்கிளையை வாளாகச் சுழற்றிய சண்டை, அவ்வளவுதான். ஆனால் அது முழுக்க முழுக்கச் சொந்த எதிர்வினை. படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் இங்கே உள்ளவர்கள் தங்களிடம் இருந்ததை வைத்துப் பார்த்தார்கள். கடத்தப்பட்ட இளவரசி, காட்டில் தவம்போல் வாழும் குரு, உடலெல்லாம் மயிர் கொண்ட விசுவாசமான துணைவன். இவர்களெல்லாம் நமக்குப் புதியவர்களா? 1980இல் வந்த ‘த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில், எதிரி டார்த் வேடரே தன் தந்தை என்று கதாநாயகன் லூக் அறியும் இடம் அமெரிக்க ரசிகர்களைப் புரட்டிப்போட்டது. சிவாஜியின் ‘கர்ண’னைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, எதிரணியில் நிற்பவர் தன் ரத்தம் என்று களத்தில் தெரியவரும் வேதனை ஏற்கெனவே பழக்கமானது. அதனால் அவர் அதிர்ச்சியைக் காட்டிலும் துயரத்தையே அதிகம் உணர்ந்திருப்பார். என் பார்வையில் அது அந்தப் படத்தை இன்னும் ஆழமாகப் பார்க்கும் முறை.

(விண்வெளி நம் திரைக்கே புதிது என்று எண்ணிவிட வேண்டாம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தவர் பூமிக்கு வந்தது 1963இல். ‘ஸ்டார் வார்’ஸுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு.)

1982 ஆசிய விளையாட்டுப் போட்டி தில்லியின் வீடுகளுக்குள் வண்ணத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்தது. அதன் பின்னாலேயே விசிஆரும் வந்தது. தெருவுக்குத் தெரு வீடியோ கடை. பாலிகா பஜாரில் கேசட் குவியல். நகலுக்கு நகல் எடுத்த கேசட்டில் விண்கலங்கள் மங்கலாக, மழையில் நனைந்ததுபோல் பறந்தன. அந்தத் தரத்தில்தான் தில்லியின் ஒரு தலைமுறை இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்தது. நல்ல பிரதியில் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு மிகத் தாமதமாகவே கிடைத்தது. அவர்களின் பற்றுக்கு அது தடையாக இருக்கவில்லை.

பழைய அரங்குகளின் காலம் தானாகத் தேய்ந்து மறையவில்லை. 1997 ஜூன் 13 அன்று, கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் திரையரங்கில் ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது கீழ்த்தளத்து மின்மாற்றியிலிருந்து தீயும் புகையும் கிளம்பின. 59 பேர் இறந்தார்கள். பலர் வெளியேற வழியில்லாமல் பால்கனியில் மூச்சுத்திணறிப் போனார்கள். முதல் நாளே படம் பார்க்க ஆசைப்பட்டு வந்த குடும்பங்கள் அவை. அதன் பிறகு தில்லியில் பிள்ளைகளைப் படத்துக்கு அனுப்பும் பெற்றோர், அரங்கின் கதவுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் சாகேத்தில் பிவிஆர் அனுபம் திறந்தது. நான்கு திரைகள் கொண்ட இந்தியாவின் முதல் மல்டிபிளெக்ஸ். ஆயிரம் பேர் அமரும் ஒற்றைத் திரையிலிருந்து சில நூறு பேர் அமரும் பல திரைகளுக்குத் தில்லி மாறியது அப்போதுதான். பழைய அரங்கை நினைத்து ஏங்கும் எவரும் உப்ஹாரையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பேன்.

சாணக்யா 2007 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. அதே இடத்தில் பத்து ஆண்டுகள் கழித்து அதே பெயரில் விலையுயர்ந்த கடைகள் கொண்ட வணிக வளாகம் எழுந்தது. உள்ளே திரையரங்கு இருக்கிறது, இருக்கைகள் சொகுசாக இருக்கின்றன. குமாஸ்தாவின் பையன்தான் இல்லை.

இடைக்காலத்தில் வந்த மூன்று படங்கள் (1999, 2002, 2005) ரசிகர் எதிர்வினை என்பதே எவ்வளவு நிலையற்றது என்பதற்குச் சரியான பாடம். ‘த ஃபேண்டம் மெனஸ்’ வந்தபோது பழைய ரசிகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஜார் ஜார் பிங்க்ஸ் பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட் மீது கொட்டப்பட்ட வெறுப்பு, அவரைத் தற்கொலையின் விளிம்புவரை கொண்டுபோனது. 2018இல் அவரே இதை வெளியே சொன்னார். ஆனால் அந்தப் படங்களைப் பத்து வயதில் பார்த்த பிள்ளைகளுக்கு, கேபிளில் ஆங்கிலப் பட சேனல்கள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதைப் பார்த்து வளர்ந்த தில்லிப் பிள்ளைகளுக்கும்தான், அதுவே முதல் ‘ஸ்டார் வார்ஸ்’. அவர்கள் வளர்ந்து பேசத் தொடங்கியதும் தீர்ப்பு மாறியது. அந்தப் படங்களில் நடித்து அன்று கேலிசெய்யப்பட்ட ஹேடன் கிறிஸ்டென்சன் 2022இல் ‘ஓபி-வான் கெனோபி’ தொடரில் திரும்பிவந்தபோது கொண்டாடப்பட்டார். அகமது பெஸ்ட் 2023இல் ‘த மாண்டலோரியன்’ தொடரில் ஜெடை வீரராகத் தோன்றி, குழந்தை குரோகுவைக் காப்பாற்றியபோது ரசிகர்கள் ஆனந்தப்பட்டார்கள். அந்த மனிதர் அதற்காக இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எல்லோரும் உச்சத்தில் வைக்கும் ‘த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கூட 1980இல் கலவையான விமர்சனங்களையே பெற்றது.

இனி 2017க்கு வருவோம். ‘த லாஸ்ட் ஜெடை’ டிசம்பர் 15 அன்று தில்லியிலும் வெளியானது. அமெரிக்காவிலும் அதே நாள். பழைய தாமதம் முற்றிலும் நீங்கியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் படத்தோடு சேர்ந்து அதைப் பற்றிய சண்டையும் அதே நாளில் வந்து இறங்கியது. விமர்சகர்களில் பத்தில் ஒன்பது பேர் பாராட்டிய படத்துக்கு இணையத்தில் மதிப்பெண் போட்ட பார்வையாளர்களில் பாதிப்பேர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை. லூக்கை இயக்குநர் ரயன் ஜான்சன் களங்கப்படுத்திவிட்டார் என்று ஒரு தரப்பு. பழையதைச் சுமந்துகொண்டே இருக்க முடியாது என்று இன்னொரு தரப்பு. ரோஸ் என்ற பாத்திரத்தில் நடித்த கெல்லி மேரி டிரான், வியட்நாமிய அகதிக் குடும்பத்தின் மகள், இனவெறியும் பெண்வெறுப்பும் கலந்த வசைகளுக்குப் பிறகு 2018இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை அழித்துவிட்டு வெளியேறினார். அகமது பெஸ்டுக்குச் செய்ததிலிருந்து எவரும் எதையும் கற்கவில்லை.

அந்தச் சண்டையில் தில்லியின் பங்கு என்ன? எனக்கு வருத்தமளிப்பது இதுதான். படம் முடிந்து படியிறங்கும்போதே, தாங்கள் பார்த்தது நல்ல படமா கெட்ட படமா என்று கைப்பேசியில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே சிரித்தார்கள், கைதட்டினார்கள், ஒரு காட்சியில் அரங்கமே நிசப்தமானது. வெளியே வந்ததும் யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து எடுத்த காணொளியின் தீர்ப்பை அப்படியே ஒப்புவித்தார்கள். அமெரிக்காவின் உள்நாட்டுக் கலாச்சாரப் பகையை, அதன் காரணம் தெரியாமலே, தங்கள் சொந்தக் கோபம்போல் பேசினார்கள். தாமதமாக வந்த காலத்தில் படம் அந்நியமாக இருந்தது, கருத்து நம்முடையதாக இருந்தது. இப்போது படம் நம் வீட்டு வாசலுக்கு உடனே வருகிறது, கருத்துதான் இறக்குமதியாகிறது.

தமிழ் ரசிகருக்கு வேறொரு அனுபவம் உண்டு. ‘கபாலி’க்கு அதிகாலையில் கிளம்பிய தில்லித் தமிழர்கள் ரஜினிக்காகப் போனார்கள். படம் சுமார் என்றாலும் தலைவர்மேல் கோபம் வராது, இயக்குநர்மேல் வரும், அதுவும் அடுத்த படத்தில் மறந்துபோகும். ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகரின் விசுவாசம் நடிகரிடம் இல்லை, கதையிடம் இருக்கிறது. அவர் தன் பத்து வயதில் குடியேறிய ஓர் உலகம் அது. அதன் சட்டதிட்டங்கள் அவருக்கு மனப்பாடம். புதிய படம் ஒரு சட்டத்தை மாற்றினால், தன் வீட்டுச் சுவரைக் கேட்காமல் இடித்துவிட்டதாகவே அவர் உணர்கிறார். 2012இல் லூகாஸ் தன் நிறுவனத்தை டிஸ்னிக்கு 400 கோடி டாலருக்கு மேல் விற்றார். 2014இல் அதுவரை வந்த நாவல்களும் காமிக்ஸ்களும் இனி அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று அறிவித்துவிட்டார்கள். தரியாகஞ்சில் பைசா பைசாவாகச் சேர்த்து அந்த நாவல்களை வாங்கியவருக்கு அந்த அறிவிப்பு எப்படி இருந்திருக்கும்? அந்த வலியை நான் மதிக்கிறேன். ஒரு நடிகையை ஓட ஓட விரட்டுவதற்கு அது உரிமை தராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2019 டிசம்பர் 20 அன்று ‘த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ வந்தபோது தில்லி வேறொரு மனநிலையில் இருந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. முந்தின நாள் நகரின் சில பகுதிகளில் மொபைல் இணையம் நிறுத்தப்பட்டிருந்தது, பல மெட்ரோ நிலையங்கள் மூடப்பட்டிருந்தன. ஒன்பது படங்களாக நீண்ட ஸ்கைவாக்கர் குடும்பக் கதை முடிந்த வாரத்தில், இந்த நகரத்துக்குப் பேச வேறு விஷயங்கள் இருந்தன.

அதன் பிறகு கொரோனா. 2020 ஏப்ரல் 3, ஊரடங்கின் நடுவே டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் தொடங்கியது. அமெரிக்கா முந்தைய நவம்பரிலேயே பார்க்கத் தொடங்கிவிட்ட ‘த மாண்டலோரியன்’ ஐந்து மாதம் கழித்து முறையாக இங்கே வந்தது. துவாரகாவிலும் மயூர் விஹாரிலும் பூட்டிய வீடுகளுக்குள் தாத்தாவும் பேரனும் சேர்ந்து பார்த்த ‘ஸ்டார் வார்ஸ்’ அதுதான். விசிலும் இல்லை, ஆயிரம் பேரின் மூச்சும் இல்லை. ஆனால் தாத்தா கதை சொன்னார். பேரன் கேள்வி கேட்டான்.

இன்றைய காலம் முழுக்க நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. அன்று இரவுக் காட்சிக்குத் தனியாகப் போகும் பெண்ணைத் தில்லியில் காண்பது அரிது. ரசிகர் என்றாலே பையன்கள். 2011இல் தில்லி ஹாட்டில் முதல் காமிக் கான் நடந்தது. பின்னர் ஓக்லா மைதானத்துக்கு இடம்மாறிப் பெரிதாக வளர்ந்த அந்தத் திருவிழாவில் பெண்கள் தாங்களே தைத்த உடையில் ‘ஸ்டார் வார்ஸ்’ நாயகிகளான ரேயாகவும் லியாவாகவும் வருகிறார்கள். அப்பா அம்மாவைக் கூட்டிவருகிறார்கள். இது சாணக்யா காலத்தில் இல்லாத மகிழ்ச்சி.

அதைவிடப் பெரிய மாற்றம் 2023 மே 4 அன்று நடந்தது. ‘ஸ்டார் வார்ஸ்: விஷன்ஸ்’ தொகுப்பின் இரண்டாம் பகுதியில் ‘த பேண்டிட்ஸ் ஆஃப் கோலக்’ என்ற குறும்படம் வந்தது. மும்பையின் 88 பிக்சர்ஸ் தயாரித்தது, இயக்கியவர் இஷான் சுக்லா. ஓடும் ரயில், சாலையோர டாபா, தங்கையைக் காப்பாற்றத் தவிக்கும் அண்ணன். அண்ணனுக்குக் குரல் கொடுத்தவர் சூரஜ் சர்மா, ‘லைஃப் ஆஃப் பை’யில் நடித்த தில்லிப் பையன். பிரதி எப்போது வரும் என்று காத்திருந்த நகரத்தின் பிள்ளை ஒருவர் அந்தக் கதைக்குள்ளேயே குரலாக நுழைந்துவிட்டார். இந்தக் குறும்படத்தைப் பற்றி, ‘த லாஸ்ட் ஜெடை’ பற்றிப் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட நம் ரசிகர்கள் பேசவில்லை என்பது எனக்குப் பெரும் குறையாகவே தோன்றுகிறது. பாராட்டவோ திட்டவோ, முதலில் நாம் பேசியிருக்க வேண்டிய படம் அது.

‘த மாண்டலோரியன் அண்ட் குரோகு’ 2026 மே 22க்கும், ‘ஸ்டார்ஃபைட்டர்’ 2027 மே 28க்கும் அறிவிக்கப்பட்ட படங்கள். இரண்டும் தில்லிப் பள்ளிகளின் கோடை விடுமுறைக் காலம். இரண்டாவது, முதல் படத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவை ஒட்டி வருவது. தில்லியில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் எந்த விமர்சனக் காணொளியையும் அவர்களுக்குக் காட்டாதீர்கள், நீங்களும் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் மெட்ரோவில் உட்கார்ந்து, படம் எப்படி இருந்தது என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.